மஞ்சக் கரை போட்ட வீடு

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நிறம் என்றால் இரண்டுதான். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, அடியில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. போகி நெருங்கினால் சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். அது கொதித்து, வெந்து, அடங்கியதும் துணியில் வடிகட்டி, கொஞ்சம் அரிசிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து அடித்துவிட்டால் பொங்கல் வந்தாயிற்று என்று அர்த்தம். கோயில் மதிலிலும் அதே வெள்ளை, அதே காவி. மற்ற நிறங்களை நாங்கள் உடுத்துவோமே தவிர, சுவரில் பூச மாட்டோம்!

இப்போது அப்படி இல்லை. கிராமத்துக் கடையிலும் நூறு நிறம் அச்சடித்த அட்டை தொங்குகிறது. மூன்று பக்கச் சுவர் வெளுப்பாக, ஒரு பக்கம் மட்டும் அடர்நீலமோ கரும்பச்சையோ அடித்த கூடங்களின் படங்களைப் பார்க்கிறோம். "பாக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டுக்கு ஒத்து வருமா?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள்.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் வாசற்படியிலிருந்து பின்கட்டு வரை, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள் பட்டை ஓடுகிறது. இருட்டான நடையில் ஒரு சுவர் முழுவதும் மஞ்சள். வருகிறவர்கள் முதலில் கேட்பது சௌக்கியத்தை அல்ல, "இது என்ன மஞ்சள்?" என்பதைத்தான். அழகுக்காகப் போட்டதில்லை இது. கண் மங்கிய பெரியவர்களோ, தவழும் குழந்தையோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

மாமனார் போட்ட சிவப்புத் தரை

உத்திரமேரூரில் எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. திண்ணை, நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையலறை. முற்றம் தாழ்வாரத்தைவிட ஒரு சாண் பள்ளம். தரை முழுவதும் காவி சிமெண்ட், அதாவது ரெட் ஆக்ஸைடு தரை. என் மாமனார் கூடவே நின்று போட வைத்தது.

அந்தத் தரையின் அருமை பழகினவர்களுக்குத்தான் தெரியும். சிமெண்டோடு சிவப்பு ஆக்ஸைடு பொடியைக் கலந்து, ஈரம் காய்வதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தரைக்கு வலு குறையும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்து வந்தால் வருஷம் ஏற ஏற மினுக்கம்தான். சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் தலையணைகூட இல்லாமல் படுத்துப் பாருங்கள், மின்விசிறி வேண்டாம்!

அந்தத் தரையில்தான் என் மாமியார் விழுந்தார்.

அந்தி நேரத்து விபத்து

அத்தைக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றொன்றில் புரை அப்போதுதான் ஆரம்பம். இவற்றோடு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய். இது வலி இல்லாமல் வருவது. முதலில் பக்கப் பார்வையைத் தின்னும். நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. உலகம் முழுவதும் திரும்பப் பெற முடியாத பார்வை இழப்புக்கு முதல் காரணம் இந்த நோய்தான்.

ஒரு கார்த்திகை மாதம், விளக்கு வைக்கும் நேரம். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற முற்றத்தில் இறங்கப் போனவர், படி இருக்கும் இடம் தெரியாமல் காலை நீட்டிவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளும் மனுஷி, சோறு பிசைந்து தரச் சொல்லி என்னிடம் தட்டை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை வலியைவிட அதுதான் அவருக்கு வலி. கட்டுப் பிரித்த பிறகும் தாழ்வாரத்தைத் தாண்டவில்லை. முற்றம் பக்கம் போகவே பயம். நாற்பது வருஷம் தன் கையால் பெருக்கிய வீட்டில், சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

காஞ்சிபுரத்தில் அவரைப் பார்க்கும் கண் மருத்துவர், மருந்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "படி என்ன நிறம்? கீழே தரை என்ன நிறம்?" என்று கேட்டார். இரண்டும் சிவப்பு என்றேன். "விழுந்தது எத்தனை மணிக்கு?" ஆறு, ஆறேகால். "அதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் வேறு, மங்கலில் வேலை செய்யும் செல்கள் வேறு. மங்கல் வெளிச்சத்துச் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. பகலில் கண்ணைப் பறிக்கும் செம்பருத்திப் பூ அந்தியில் முதலில் கறுத்துப் போவதும், அதன் இலை மட்டும் இன்னும் தெரிவதும் அதனால்தான். 1800-களின் தொடக்கத்தில் செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே என்பவர் இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். ஆக, எங்கள் சிவப்புத் தரை பகல் முழுவதும் சிவப்பு. விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் கறுப்பு. கறுப்பில் கறுப்புப் படி! நல்ல கண் உள்ளவர்களே பழக்கத்தில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

"படி விளிம்பு மட்டும் தரைக்கு நேர் எதிர் நிறமாக இருக்கட்டும். ரயில்வே பிளாட்பாரத்தில் மஞ்சள் கோடு எதற்குப் போட்டிருக்கிறார்கள்?" என்று அனுப்பிவைத்தார்.

குடவோலை

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஆரம்பித்தது ரகளை. என் கணவர், "தரையைப் பேத்துட்டு வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம்" என்றார். நாத்தனார் போனிலேயே, "சுவரு, தரை எல்லாம் ஐவரி கலர்ல இருந்தா கூடம் பெருசா தெரியும் அண்ணி" என்றாள். பன்னிரண்டு வயது மகனுக்கு நீலம்தான் வேண்டும். எனக்கு எங்கள் தரையைப் பேர்க்க மனசில்லை.

எங்கள் ஊரில் சண்டையைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஆயிரத்து நூறு வருஷப் பழையது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்சுவரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920 வாக்கில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்கிறவருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. அந்த வீட்டுக்கு என்ன நிறம் அடித்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை!

"நாமளும் குடவோலை போடலாம்" என்று மகன் நாலு சீட்டு எழுதிப் பித்தளைச் சொம்பில் போட்டுவிட்டான். எடுக்க வேண்டியது ஒன்றரை வயதுச் சின்னவள். எல்லோரும் சிரித்தோம். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணு தெரியறவங்க நாலு பேரு. தெரியாதவ ஒருத்தி. சீட்டு எடுத்தா யாருக்கு விழும்?" என்றார்.

சொம்பை அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். யாருக்கு எது தெரியும் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து நிறம் தேர்ந்தெடுக்கும் வேலை அத்தையுடையதாயிற்று.

உடம்பும் கரையும்

அத்தை பிறந்த வீடு காஞ்சிபுரத்தில். தறி ஓடிய வீடு. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். நெசவாளர் ஒரு பக்கம், இன்னொரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள ஒரு கையாள். சின்ன வயதில் அந்தக் கையாளாகத் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அத்தை. அரக்கு, மாந்துளிர், மயில் கழுத்து, எம்.எஸ். புளூ என்று நிறங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வெறும் சிவப்பு, பச்சை என்றால் அவருக்குப் பிடிக்காது.

"தரையைப் பேக்க வேணாம்" என்றார். "அரக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. கரை இல்லாத புடவையா இருக்குது, அவ்வளவுதான். கரை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியணும்னா எதிர்ச் சாயமா இருக்கணும். பக்கத்துச் சாயத்தைப் போட்டா ரெண்டும் செத்துடும்."

பெரிய பெரிய வீடுகளுக்கு வேலை செய்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். துணிச்சலான நிறம் தனியாக நின்றால் கத்தும். அமைதியான நிறத்துக்குப் பக்கத்தில் கரையாக நின்றால் பேசும்.

எந்த நிறம் என்று தீர்மானிக்க ஒரு பரீட்சை வைத்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை. வீட்டில் இருக்கும் துணிகளில் மஞ்சள், வெள்ளை, நீலம், பச்சை என்று நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றாகப் படி விளிம்பில் மடித்துப் போட்டேன். நேரம் பார்த்து, அந்தி ஆறு மணிக்கு. அத்தையைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "எது தெரியுது அத்தை?" என்று கேட்டேன்.

நீலத்தை அவர் பார்க்கவே இல்லை. பச்சை இருந்த இடத்தில் "ஏதோ நிழலாட்டம்" என்றார். வயதாக ஆகக் கண்ணின் வில்லை பழுப்பேறும். நீலமும் ஊதாவும் அதைத் தாண்டி உள்ளே வராமல் மங்கிவிடும். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே என்ற மேதைக்கே புரை முற்றிய காலத்தில் நிறம் பிடிபடாமல், டியூபில் எழுதிய பெயரைப் பார்த்துத்தான் வர்ணத்தை எடுத்தாராம். 1923-ல், எண்பத்திரண்டாவது வயதில் ஆபரேஷன் செய்துகொண்டார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நீலத்தையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்த நீல டப்பாவை எடுங்க" என்று சொல்லாதீர்கள். அவர்கள் தவறு இல்லை அது.

வெள்ளை தெரிந்தது. ஆனால் பகலில் முற்றத்து வெயில் பட்டால் கண் கூசுகிறது என்றார். வெள்ளைக்கு அழுக்கும் உடனே ஏறும். கோலப் பொடி சிந்தினால் எது கோடு, எது பொடி என்று குழப்பம். மஞ்சள் துணியைப் போட்டதும், கேட்பதற்கு முன்பே, "இதோ இருக்குது" என்று குச்சியால் தொட்டுக் காட்டினார். மூன்று நாள் இடம் மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்று நாளும் மஞ்சள்தான்.

சின்னவளுக்காக ஒரு யோசனை

நிறம் கிடைத்துவிட்டது. வாங்கப் போன இடத்தில்தான் அடுத்த கவலை. கடைக்காரர் உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு டப்பா மஞ்சள் எனாமலை எடுத்து வைத்து, "பழைய ஸ்டாக்கும்மா, நிறம் நிக்கும், பாதி விலைக்குத் தரேன்" என்றார். டப்பாவில் தேதியும் இல்லை, ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஏன் என்று இளம் தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களுக்கு அந்தப் பளிச்சைத் தந்தது பல காலமாக லெட் குரோமேட் என்ற ஈய உப்பு. வர்ணம் காய்ந்து, உரிந்து, தூளாகும்போது ஈயமும் தூளாகும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் உடம்பு இழுத்துக்கொள்வதைப்போல நாலைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. வளரும் மூளையை மட்டும் மெதுவாகக் கெடுக்கும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு, சோகை என்று பின்னால் தெரியும். 'இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகளுக்கு இனம் தெரியாத நோய் வந்தபோது, லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904-லேயே காரணத்தைச் சொன்னார்: வீட்டு வராண்டாக் கம்பியிலும் சுவரிலும் அடித்த ஈய வர்ணம். வெயிலில் காய்ந்து பொடியாகிக் குழந்தைகளின் விரலில் ஒட்டியது. நம் திண்ணையும் திண்ணைக் கம்பியும் வேறு என்ன? நூறு வருஷத்துக்குப் பிறகும் தீர்ந்தபாடில்லை. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் இரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் இருப்பதாக யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வர்ணம் மட்டும் காரணமல்ல, அதுவும் ஒரு காரணம். மட்டமான மஞ்சள்தூளில் நிறம் தூக்கலாக இருக்கக் கலப்பதும் இதே லெட் குரோமேட்தான். 

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல், வீட்டுக்கு அடிக்கும் வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பா மேல் அதை அச்சிட வேண்டும். ஆகவே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 90 பிபிஎம் என்ற எண்ணும், தயாரித்த மாதம் வருஷமும், கம்பெனி முகவரியும் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கொத்தனாரின் வழி

இதையெல்லாம் சொல்லிப் புலம்பினதும், எங்கள் தெருவில் வேலை செய்யும் வயதான கொத்தனார் சிரித்தார். "எதுக்கும்மா பெயிண்டு? எண்ணெய் ஏறின தரையில பெயிண்டு நிக்காது. ஆறு மாசத்துல செதில் செதிலா வரும். காவி போட்ட மாதிரியே மஞ்சளையும் போட்டுடலாம்" என்றார்.

எவ்வளவு சுலபம்! சிவப்பு ஆக்ஸைடு என்பது இரும்புத் துரு ஜாதி. மஞ்சள் ஆக்ஸைடும் அதே இரும்பின் பிள்ளைதான். ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (இரும்புக் கதவுக்கு அடியில் பூசும் ரெட் லெட் என்ற ஒன்று உண்டு. பெயர் ரெட் ஆக்ஸைடு போலவே காதில் விழும்; அது ஈயம். ஏமாறாதீர்கள்.)

ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு உளியால் காடி எடுத்தார். அந்தத் தூசிக்காகக் குழந்தையை இரண்டு நாள் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காடியை நன்றாக நனைத்து, வெள்ளை சிமெண்டில் மஞ்சள் ஆக்ஸைடு கலந்து நிரப்பினார். சாதா சிமெண்டில் கலந்தால் மஞ்சள் சாம்பலடித்துப் போகும். வெள்ளை சிமெண்டில்தான் எடுப்பாக இருக்கும். விளிம்பை மட்டும் வழவழப்பாக்காமல், லேசாகச் சொரசொரப்பாக விடச் சொன்னேன், கால் வழுக்காமல் இருக்க. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தோம். எலுமிச்சை மஞ்சள் வரவில்லை. நன்றாக வெந்த துவரம்பருப்பு நிறம் வந்தது. அரக்குத் தரைக்குப் பக்கத்தில் அது போதுமானது. உரிவதற்கு மேல் பூச்சு இல்லை; சின்னவள் நக்கினாலும் பயமில்லை.

நடை இருட்டுக்குச் சுண்ணாம்பிலேயே அதே மஞ்சள் பொடியைக் கலந்து ஒரு சுவர் மட்டும் அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் சிலதான். இந்த இரும்பு நிறங்கள் தாங்கும். சுவரின் நடுவே கதவு நிலை கருமரமாக இருப்பதால், மஞ்சளில் வாசல் தனியாகத் தெரிகிறது. சுவிட்சுப் பலகைகள் வெள்ளைச் சுவரில் வெள்ளையாக மறைந்து கிடந்தன. சுற்றிலும் காவியில் ஒரு சட்டம் போட்டேன்.

பழைய கதவில் மட்டும் தாத்தா காலத்துப் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருந்தது. அதைச் சுரண்டவோ, காய்ந்த உப்புத்தாள் போடவோ, நெருப்புக் காட்டவோ விடவில்லை. சுரண்டினால் ஈயத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். ஈரத் துணியால் துடைத்து, உரிந்த இடங்களை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, செதில்களைச் சேர்த்துக் கட்டி அகற்றி, மேலே எண் பார்த்து வாங்கிய புது வர்ணத்தை அடித்து மூடியாயிற்று. இந்த வேலை நடக்கும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வீட்டில் இருக்கக் கூடாது.

இப்போது

அத்தையின் பார்வை திரும்பிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேளை தவறாமல் சொட்டு மருந்து, தாழ்வாரத்தில் அந்திக்கு முன்பே போட்டுவிடும் விளக்கு, இவையெல்லாம் வேண்டித்தான் இருக்கின்றன. இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால், நாற்பது தாண்டிய என் கணவரும் நாத்தனாரும் வருஷா வருஷம் கண் அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அத்தை மறுபடி விழவில்லை. சுவரைத் தடவுவதையும் விட்டுவிட்டார். பட்டை போட்ட எட்டாம் நாள், சாக்கை எடுத்ததும், யாரையும் கூப்பிடாமல் அந்தியில் எழுந்தார். சொம்பில் தண்ணீர் எடுத்தார். மஞ்சளில் வலது கால் விரலை வைத்து ஒரு தரம் தடவிப் பார்த்தார். இறங்கித் துளசிக்கு ஊற்றிவிட்டு ஏறி வந்துவிட்டார். நான் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தெருவில் எங்கள் வீட்டுக்கு 'மஞ்சக் கரை வீடு' என்று பெயரே விழுந்துவிட்டது. ஆரம்பத்தில், "என்னடி இது, லாரிக்கு அடிச்சாப்பல?" என்றவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன ஒரு வீட்டிலேயே போன ஐப்பசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுப் படிக்குக் கரை போட்டுக்கொண்டார்கள். அங்கேயும் ஒரு தாத்தா இருக்கிறார்.

சிமெண்ட் தரையும் கொத்தனாரும் எல்லோருக்கும் வாய்க்காது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் படி விளிம்பில் கெட்டியான மஞ்சள் ஒட்டு நாடாவை ஒட்டலாம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாமல் தடவும் பெரியவருக்கு நிறத் தட்டு வாங்கித் தரலாம். வெள்ளைக் குளியலறையில் கைப்பிடியும் வாளியும் மட்டும் அடர் நிறமாக வைக்கலாம். எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். எங்கே கவனிக்க வேண்டுமோ அங்கே மட்டும் போட்டால்தான் கண் அங்கே போகும்.

அடுத்த போகிக்கு வெள்ளை அடிக்குமுன் நிற அட்டையை வாங்கி வந்தால், முதலில் வீட்டிலேயே மூத்தவர் கையில் கொடுங்கள், அந்தி ஆறு மணிக்கு. வாங்கப் போகும் டப்பாவை, இளையதை இடுப்பில் வைத்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். மீதிப் பேருக்குப் பிடித்த நிறத்தை, அதற்குப் பிறகு நிதானமாகச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். எங்கள் மகனின் நீலச் சீட்டு இன்னும் அந்தப் பித்தளைச் சொம்பிலேயேதான் இருக்கிறது. மாடி அறை கட்டும்போது பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.